மூன்று மைல்

டில்லியில் மார்கழி மாதத்துப் பனிமூட்டத்தில், காலை ஆறரை மணிக்குத் தெருமுனைகளில் நின்றுகொண்டிருக்கும் குழந்தைகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். கம்பளிக் குல்லாய்க்குள் முகம் பாதி மறைந்திருக்கும். முதுகிலே புத்தக மூட்டை. பத்தடிக்கு அப்பால் எதுவும் கண்ணுக்குப் புலப்படாத அந்த நேரத்தில், பள்ளி வண்டியின் மஞ்சள் விளக்கு தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி. எங்கள் குடியிருப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. கால் மணி நேரம் நடந்தால் இன்னொன்று இருக்கிறது. அவற்றையெல்லாம் தாண்டிக்கொண்டு, பதினொரு கிலோமீட்டர் தூரம் பிரயாணம் செய்து, தமிழ் கற்பிக்கும் பள்ளி ஒன்றுக்கு அவள் போய் வருகிறாள். பள்ளிக்கு நான் கட்டும் சம்பளத்தைக் காட்டிலும் வண்டிக்காரருக்குக் கட்டும் தொகை அதிகம். பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாராதவர்கள் சிலரே இருப்பார்கள்.

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியே தீரவேண்டும் என்று சட்டம் செய்கிறது சர்க்கார். அப்படியானால் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேரும் செலவு யாருடையது? சர்க்காருடையதா, பெற்றோருடையதா? தூரம் குறைவானால் ஒரு விடையும், அதிகமானால் வேறொரு விடையுமா? அருகில் இருக்கும் பள்ளியை விட்டுவிட்டுப் பெற்றோர் தாமே விரும்பித் தொலைவிலுள்ள பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளை நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் வைத்து விவாதித்துவந்த நாடு இங்கிலாந்து. என் உத்தியோகம் சர்க்கார் ஆவணங்களை மொழிபெயர்ப்பது. சட்ட வாசகங்களோடு போராடுவதே பிழைப்பு. அந்தப் பழக்கத்தினால்தான் இந்தச் சரித்திரம் என் கண்ணில் பட்டது. அதன் பெரும்பகுதி ஓரிரு சொற்களைச் சுற்றியே நடந்திருக்கிறது.

1870-ஆம் ஆண்டில், ஃபார்ஸ்டர் என்ற மந்திரி கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறிற்று. பள்ளி இல்லாத இடங்களில் பள்ளி அமைப்பதற்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்விக் குழுக்கள் ஏற்பட்டன. ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் பள்ளிக்கு வரவேண்டும் என்று துணைவிதி செய்யும் அதிகாரம் இந்தக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. கட்டாயம் என்று வந்தவுடனே, எவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. சட்டம் சில நியாயமான காரணங்களை ஒப்புக்கொண்டது. குழந்தைக்கு உடல்நலமில்லாமல் போவது அவற்றில் ஒன்று. குறிப்பிட்ட தூரத்துக்குள் பள்ளி இல்லாமலிருப்பது மற்றொன்று. அந்தத் தூரத்தைக் கல்விக் குழுவே நிர்ணயிக்கலாம். ஆனால் மிக அருகிலுள்ள சாலை வழியே அளந்து மூன்று மைலுக்கு மேற்படலாகாது. மூன்று மைல் என்னும் எண் கல்விச் சட்டத்திற்குள் புகுந்தது இவ்வாறுதான்.

இந்த எண் அன்று செய்த வேலை என்ன என்பதைக் கவனிக்கவேண்டும். குழந்தையை வண்டியில் ஏற்றிவரும் கடமை எதையும் அது யார் மீதும் சுமத்தவில்லை. அது பெற்றோருக்கு ஒரு கேடயமாக மட்டுமே இருந்தது. "என் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே மூன்று மைலுக்கு மேல் இருக்கிறது, ஆகையால் குழந்தையை அனுப்பவில்லை" என்று சொன்னால், அபராதத்திலிருந்து தப்பலாம். அந்தக் குழந்தை எழுத்தறிவில்லாமல் வளருவதைப் பற்றிச் சட்டத்திற்குக் கவலை இல்லை. மூன்று மைலுக்குச் சற்றே உட்பட்ட குழந்தையோ போக மூன்று, வர மூன்று என்று ஆறு மைல், அதாவது ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர், நாள்தோறும் நடக்கவேண்டும். பண்ணைக் கூலியின் மகன் காலில் நல்ல பூட்ஸ் இல்லாத காலம் அது. மழைக்காலத்தில் கிராமப் பள்ளிகளின் வருகைப் பதிவேடு இளைத்துப் போனதில் வியப்பில்லை.

1876-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த விலக்குத் தூரம் இரண்டு மைலாகக் குறைந்து காணப்படுகிறது. 1880-இல் கட்டாயம் நாடு முழுவதற்கும் பரவியது. 1891-க்குப் பிறகு ஆரம்பப் பள்ளிகளில் சம்பளமும் பெரும்பாலும் ஒழிந்தது. படிப்புக்குக் காசு இல்லை. ஆனால் பள்ளிக்குப் போகும் பாதை குழந்தையின் கால்களைப் பொறுத்ததாகவே இருந்துவந்தது.

வண்டி எப்போது வந்தது? வண்டி வந்ததற்குக் காரணம் இரக்கம் என்று எண்ணிவிட வேண்டாம், நிர்வாகமே காரணம். 1926-இல் ஹேடோ குழு என்ற ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே அறையில் ஐந்து வயதுக் குழந்தையும் பதின்மூன்று வயதுப் பையனும் உட்கார்ந்து படிக்கும் கிராமப் பள்ளி முறை போதாது என்றும், பதினோரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும் என்றும் அது கூறியது. நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் அப்படி ஒரு பெரிய பள்ளியை வைக்க முடியாது. ஐந்தாறு கிராமங்களுக்கு நடுவில் ஓரிடத்தில் கட்டினார்கள். பள்ளி கிராமத்தை விட்டு விலகிப் போயிற்று. அதை எட்டிப்பிடிப்பதற்குப் பஸ் தேவைப்பட்டது. கிராமத்துப் பள்ளியை மூடுவதால் சர்க்காருக்கு மிச்சமாவது எவ்வளவு, பஸ்ஸுக்குச் செலவாவது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் வழக்கமும் அத்துடன் தோன்றியது. நம் நாட்டிலும் மாணவர் குறைந்த பள்ளிகளை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்க்கும்போதெல்லாம் இதே கணக்குத்தான் போடப்படுகிறது. பஸ் செலவு என்ற பத்தியை மட்டும் சில சமயம் வெற்றாக விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடியாதிருந்த 1944-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற கல்விச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த ஆர். ஏ. பட்லர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1902-இல் அவர் பிறந்தது பஞ்சாபில், சிந்து நதிக்கரையிலுள்ள அட்டோக்கில். அது இப்போது பாகிஸ்தானைச் சேர்ந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தைக் காமன்ஸ் சபையில் நிறைவேற்றிக்கொடுப்பதற்குப் பாடுபட்ட இளம் உதவி மந்திரியும் அவரே.

பட்லரின் சட்டத்தில் இரண்டு ஷரத்துகள் நமக்கு முக்கியம். 39-ஆவது ஷரத்து பழைய கேடயத்தைப் புதுப்பித்தது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு மைல், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு மூன்று மைல். இதுவே 'நடக்கும் தூரம்'. பள்ளி இதற்கு அப்பால் இருந்து, போக்குவரத்துக்கு ஏற்பாடும் செய்யப்படவில்லையென்றால், குழந்தையை அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்க முடியாது. 55-ஆவது ஷரத்து, தேவையான இடங்களில் கல்வி அதிகாரிகள் போக்குவரத்து ஏற்பாடு செய்யவேண்டும் என்றும், அது இலவசமாக இருக்கவேண்டும் என்றும் கூறியது. மூன்று மைலுக்கு மேற்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச பஸ் என்று இந்த இரண்டில் எந்த ஷரத்தும் நேராகச் சொல்லவில்லை! ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் அதுவே பலன். பஸ் அனுப்பாவிட்டால் பெற்றோரைத் தண்டிக்க முடியாது. தண்டிக்க முடியாவிட்டால் கட்டாயக் கல்வி என்ற பேச்சே வீண். ஆகவே பஸ்ஸை அனுப்பியே ஆகவேண்டும். பெற்றோரின் சாக்குப்போக்காகப் பிறந்த மூன்று மைல், சர்க்காரின் கடமையாக வளர்ந்த வரலாறு இது.

இங்கே ஒரு சொல் மாறியதையும் குறிப்பிடவேண்டும். 1870-இல் தூரத்தை அளந்தது 'மிக அருகிலுள்ள சாலை' வழியே. 1944-இல் அது 'கிடைக்கக்கூடிய மிகக் கிட்டிய வழி' ஆயிற்று. சாலை என்றால் வண்டி போகும். வழி என்றால் ஒற்றையடிப் பாதையும் அடங்கும், வயல் வரப்பும் அடங்கும். 1954-இல் ஒரு வழக்கில் நீதிமன்றம் இதை உறுதிப்படுத்திற்று. சட்டம் கேட்பது தூரத்தை மட்டுமே, ஆபத்தை அல்ல என்றும் தீர்ப்புக் கூறிற்று. சட்டத்தின் இங்கிலீஷ் வாசகத்திலுள்ள 'அவெய்லபிள்' என்ற சொல்லை நான் 'கிடைக்கக்கூடிய' என்று இங்கே பெயர்த்திருக்கிறேன். 'செல்லத்தகுந்த' என்றும் பெயர்க்கலாம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

1979-இல் மார்கரெட் தாட்சர் பிரதம மந்திரியானார். செலவைக் குறைப்பது அவருடைய சர்க்காரின் முதல் நோக்கம். பள்ளி பஸ்ஸும் அதற்குத் தப்பவில்லை. மூன்று மைலுக்கு அப்பாலிருந்து வரும் குழந்தைகளிடமும் கட்டணம் வாங்கலாம் என்று கல்வி அதிகாரிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஷரத்து ஒன்று புதிய கல்வி மசோதாவில் இடம்பெற்றது. காமன்ஸ் சபையில் அது நிறைவேறிவிட்டது. பிரபுக்கள் சபையில்தான் எவரும் எதிர்பாராத எதிர்ப்பு கிளம்பிற்று. எதிர்த்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமல்லர். அந்த ஷரத்தை நீக்கவேண்டுமென்று முன்னின்றவர் நார்ஃபோக் பிரபு. அவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். இங்கிலாந்துக் கத்தோலிக்கர்களில் முதன்மையானவர். கத்தோலிக்கப் பள்ளிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே அவற்றுக்குக் குழந்தைகள் தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தது. கட்டணம் வந்தால் முதலில் அடிபடுபவர்கள் அவர்களும் கிராமத்து ஏழைகளும்தான்.

அன்று எழுந்து பேசியவர்களில், எழுபத்தேழு வயதான பட்லர் பிரபுவும் ஒருவர். அவரும் ஆளுங்கட்சிக்காரரே. 1944-இல் மதச் சபைகளிடமும் கிராம மக்களிடமும் தாம் கொடுத்த வாக்கை இப்போது தம் கட்சியே முறிக்கப் பார்க்கிறது என்பது அவருடைய வாதம். ஒரு சட்டத்தை ஆக்கியவரே முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து நேரில் வந்து, அதன் உட்பொருள் இதுதான் என்று சாட்சி சொல்வது பார்லிமெண்ட் வரலாற்றில் அடிக்கடி காணக்கூடிய காட்சி அன்று. 1980 மார்ச் 13-ஆம் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. ஷரத்தை எதிர்த்து 216 ஓட்டுகள்; ஆதரித்து 112. சர்க்கார் அந்த ஷரத்தைக் கைவிட்டது. மசோதாவின் மற்றப் பகுதிகள் 1980-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமாயின. பட்லர் இரண்டு ஆண்டுகளில் காலமானார்.

அந்த 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. எந்தப் பள்ளியில் தம் குழந்தை படிக்கவேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கும் உரிமையைப் பெற்றோருக்குச் சட்டபூர்வமாகக் கொடுத்ததும் இதே சட்டம்தான். ஒரு கையால் தேர்வுரிமையைக் கொடுத்து, மறு கையால் பஸ் கட்டணத்தை விதிக்க முயன்றது என்று சொன்னால் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். கட்டணம் தோற்றது, தேர்வுரிமை வென்றது. ஆயினும் நடைமுறையில் இலவச பஸ் என்பது, இடம் கிடைக்கும் மிக அருகிலுள்ள தகுந்த பள்ளிக்கு மட்டுமே என்று நிலைத்தது. விருப்பப்பட்ட பள்ளிக்குப் போகலாம். போகிற செலவு உன்னுடையது. கையில் காசுள்ளவனுக்கு மூன்று பள்ளிகள் தேர்வுக்கு உண்டு. இல்லாதவனுக்கு ஒன்றே ஒன்று.

இனி, முன்பு சொன்ன அந்தச் சொல்லுக்கு வருவோம். எஸ்ஸெக்ஸ் கவுண்டியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வீட்டிலிருந்து பள்ளிக்கு மிகக் கிட்டிய வழி 2.94 மைல். மூன்று மைலுக்கு ஏறத்தாழ நூறு கஜமே குறைவு! அந்த வழியில் ஒரு பகுதி ஆளரவமற்ற வயல்களின் ஊடே செல்லும் பாதை, விளக்கு கிடையாது, குளிர்காலத்தில் சேறு. சாலை வழியே போனால் மூன்று மைலுக்கு மேல். கவுண்டி கவுன்சில் வயல் பாதையை அளந்து, இலவச பஸ் இல்லை என்றது. பெற்றோர் பெண்ணை அனுப்ப மறுத்தார்கள். அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. தனியே ஒரு பெண் குழந்தை போகத்தகாத வழியை 'கிடைக்கக்கூடிய வழி' என்று சொல்ல முடியாது என்று உயர் நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கவுன்சில் விடவில்லை. வழக்கு, நாட்டின் இறுதி நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபைக்குச் சென்றது.

1986-இல் தீர்ப்பு கவுன்சிலுக்குச் சாதகமாயிற்று. வேண்டிய துணையோடு ஒரு குழந்தை ஓரளவு பத்திரமாக நடந்து போகக்கூடிய வழியென்றால் அது 'கிடைக்கக்கூடிய' வழியே. துணையில்லாமல் போனால் ஆபத்து என்பதனால் மட்டும் அது வழியல்லாமல் போய்விடாது. துணைக்கு யார் வருவது? பெற்றோர்தான். காலையில் மூன்று மைல் கொண்டுபோய் விட்டு, மூன்று மைல் திரும்பி, மாலையில் மறுபடியும் அதே நடை; ஆகப் பன்னிரண்டு மைல். தாய் வேலைக்குப் போகிறவளா, மடியில் கைக்குழந்தை இருக்கிறதா என்பவை அந்தச் சொல்லின் பொருளுக்குள் அடங்குவதில்லை. நீதிபதிகள் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் எழுதிய கையில் அந்தச் சொல் தளர்ந்து கிடந்தது; அவர்கள் அதை இறுக்கிக் கட்டினார்கள். எனினும், மொழிபெயர்ப்பு மேஜையில் உட்கார்ந்து 'எந்தச் சொல்லைப் போட்டால் என்ன' என்று நான் அலுத்துக்கொள்ளும் சாயங்காலங்களில், அந்தச் சிறுமியின் வயல் பாதை நினைவுக்கு வருவதுண்டு.

சில வாரங்களுக்குள், அதே 1986-ஆம் ஆண்டிலேயே, பார்லிமெண்ட் ஒரு திருத்தம் செய்தது. போக்குவரத்து ஏற்பாடு தேவையா என்று தீர்மானிக்கும்போது குழந்தையின் வயதையும், அது போகவேண்டிய வழியின் தன்மையையும் கல்வி அதிகாரிகள் கருத்தில் கொள்ளவேண்டும் என்பது திருத்தம். 'கருத்தில் கொள்ளவேண்டும்' என்பது எவ்வளவு மெல்லிய கட்டளை என்பதை உத்தியோகஸ்தர்கள் அறிவார்கள். இரண்டே ஆண்டுகளில், 1988-இல், டெவன் கவுண்டியைச் சேர்ந்த ஒரு சிறுவனின் வழக்கில் அது வெளிப்பட்டது. தூரம் மூன்று மைலுக்குச் சற்றுக் குறைவு; பெற்றோர் துணைக்குப் போகலாம் என்று கவுன்சில் கருத்தில் கொண்டு, இலவச பஸ்ஸை மறுத்தது சரியே என்று முடிந்தது.

எல்லைக்கோட்டுக்கு இப்புறம் நிற்கும் இத்தகைய குழந்தைகளுக்காக ஏற்பட்டதுதான் சலுகை இடம் என்னும் ஏற்பாடு. ஒரு கவுன்சில், உரிமையுள்ள குழந்தைகளுக்காக ஒரு பஸ்ஸை ஒப்பந்தம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது ஆசனங்களில் நாற்பது நிரம்புகின்றன. மீதிப் பத்தும் வெறுமனே போவானேன்? உரிமையில்லாத குழந்தைகளுக்கு அவற்றை ஒரு கட்டணத்திற்கு விடலாம். கட்டணம் உண்மைச் செலவைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். ஆகவே அது சலுகை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் யாருக்கும் சொந்தமல்ல. அடுத்த ஆண்டு உரிமையுள்ள குழந்தை ஒன்று புதிதாகக் குடிவந்தால் சலுகைக் குழந்தை இறங்கவேண்டும். பஸ்ஸைச் சிறிதாக்கினாலும் இறங்கவேண்டும். மூத்தவனுக்கு இடம் கிடைத்து, இளையவளுக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு. பள்ளியைத் தேர்ந்தெடுத்தபோது பஸ் இருந்தது. இரண்டாம் ஆண்டில் இல்லை. உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள பேதத்தைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலே அந்தக் குடும்பங்கள் தெரிந்துகொள்கின்றன.

இதில் ஒரு விசித்திரமான சிக்கலும் நேர்ந்தது. உடல் ஊனமுற்றோர் சக்கர நாற்காலியுடன் ஏறுவதற்கு வசதியாகப் பெரிய பஸ்கள் இருக்கவேண்டுமென்று 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு விதி செய்தார்கள். அந்த விதி தனித்தனியாகக் கட்டணம் வாங்கும் வண்டிகளுக்கே பொருந்தும். முழுவதும் இலவசமாக ஓடும் பள்ளி பஸ்ஸுக்கு அது இல்லை. காலி ஆசனத்தை ஒரு குழந்தைக்கு விற்றுவிட்டால் உண்டு. 2020-இல் அந்த விதி பழைய சுற்றுலா வண்டிகளையும் எட்டியபோது, இடம் விற்பதையே நிறுத்திவிடலாமா என்று பல கவுன்சில்கள் யோசித்தன. பிறகு விலக்கு அளித்துச் சமாளித்தார்கள். ஒரு நல்ல விதி இன்னொரு நல்ல ஏற்பாட்டின் காலை மிதிப்பது சர்க்கார் அலுவலகத்தில் புதுமையல்ல.

நடுவில் 2004-இல், சில இடங்களில் பரிசோதனையாகக் கட்டணம் வாங்க வழிசெய்யும் மசோதா மீண்டும் ஒரு முறை வந்தது. 2005 தேர்தலுக்காகப் பார்லிமெண்ட் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறாமற் போயிற்று. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு மைல், மூன்று மைல் என்ற பழைய எல்லைகளை அப்படியே வைத்துக்கொண்டது. பத்திரமற்ற வழியில் நடந்துபோக முடியாத குழந்தைக்கு உரிமையைத் தெளிவாக எழுதிற்று. ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் எல்லையை விரித்தது. பதினோரு வயதுக்கு மேற்பட்ட ஏழைக் குழந்தை, இரண்டு மைலுக்கு மேல் ஆறு மைலுக்குள் உள்ள மூன்று அருகிலுள்ள பள்ளிகளில் ஒன்றுக்கு இலவசமாகப் போகலாம். மத நம்பிக்கையை முன்னிட்டுத் தேர்ந்தெடுத்த பள்ளியானால் பதினைந்து மைல் வரை போகலாம். கையில் காசில்லாதவனுக்கும் தேர்வு வேண்டும் என்ற எண்ணம் சட்டத்தில் ஏறுவதற்கு 1980-லிருந்து இருபத்தாறு ஆண்டுகள் பிடித்தன. ஏழையல்லாத, ஆனால் வசதியும் இல்லாத நடுத்தரக் குடும்பத்தின் பாடு பழையபடிதான். மதப் பள்ளிகளுக்குச் செல்வோருக்குத் தாமாகக் கொடுத்துவந்த மானியத்தைப் பல கவுன்சில்கள் பிற்காலத்தில் நிறுத்தியும்விட்டன.

அண்டை நாடான அயர்லாந்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1966-இல் இலவச உயர்நிலைக் கல்வியை அறிவித்து நாட்டையே அதிரவைத்த கல்வி மந்திரி டோனோ ஓ'மாலி, அத்துடன் பஸ்ஸையும் சேர்த்தே நினைத்தார். 1967-இல் திட்டம் தொடங்கியது. அந்தச் சிதறிய கிராம நாட்டில் சம்பளத்தை ரத்துசெய்வது மட்டும் போதாது என்று அவர் கண்டது சரியான நோட்டம். பின்னாளில் அங்கும் கட்டணம் வந்தது. விலைவாசி ஏற்றத்தை முன்னிட்டு 2022-23 கல்வியாண்டில் கட்டணத்தை முற்றிலும் தள்ளிவைத்தார்கள். உடனே விண்ணப்பங்கள் குவிந்தன; சலுகை இடம் நம்பியிருந்த பல குழந்தைகள் இடமின்றி நின்றனர். கட்டணம் இல்லாத இடத்தில் கூட்டம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கட்டணத்தை எடுக்கும்போது பஸ்ஸையும் கூட்டவேண்டும் என்பது மட்டும் மறந்துபோகிறது. அடுத்த ஆண்டிலிருந்து, ஆரம்பப் பள்ளிக்கு 50 யூரோ, உயர்நிலைக்கு 75 யூரோ என்று குறைந்த கட்டணம் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் மாதிரி விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்கவேண்டும் என்கின்றன. பள்ளி வைக்க முடியாத சிறு குக்கிராமங்களின் குழந்தைகளுக்கு இலவசப் போக்குவரத்து போன்ற ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் உள்ளது. இங்கிலாந்தின் மூன்று மைலைவிட நம்முடைய மூன்று கிலோமீட்டர் தயை மிக்கது. நாம் பள்ளியைக் குழந்தையிடம் கொண்டுபோக முயன்றோம். அவர்கள் குழந்தையைப் பள்ளியிடம் கொண்டுபோனார்கள். ஆனால் எட்டாம் வகுப்பு தாண்டியவுடன் நம் சட்டத்தின் அளவுகோல் முடிந்துவிடுகிறது. பெண் குழந்தைகள் படிப்பை விடுவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பீகார் சர்க்கார் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது, உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டரும் அதற்கு மேலும் விலகிய கிராமங்களில்தான் அதிகப் பலன் தெரிந்தது. தமிழ்நாட்டில் சீருடை அணிந்த மாணவன் சர்க்கார் பஸ்ஸில் காசின்றி ஏறிப்போவதை ஊருக்குப் போகும்போது நாம் பார்க்கிறோம். அங்கே பொது பஸ்ஸே பள்ளி பஸ்.

வெளிமாநிலத் தமிழர் நிலை இவற்றில் எதிலும் நேரே பொருந்துவதில்லை. நமக்கு அருகிலே பள்ளி உண்டு. நம் மொழி அதில் இல்லை. 1956-இல் ஏழாவது திருத்தத்தினால் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்ப நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்துகொடுக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. முயலவேண்டும் என்கிறது. எத்தனை கிலோமீட்டருக்குள் என்பதும், வண்டி யார் செலவில் என்பதும் அதில் இல்லை.

வேல்ஸ் நாட்டில் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். வேல்ஸ் மொழி பேசுவோர் அங்கே சிறுபான்மையினர். வேல்ஸ் மொழியில் கற்பிக்கும் பள்ளி பல இடங்களில் அருகில் இருப்பதில்லை. 2008-இல் அவர்கள் மாணவர் பிரயாணத்திற்கென்றே தனிச் சட்டம் செய்தனர். ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு மைல், உயர்நிலைக்கு மூன்று மைல் என்ற அளவுகள் அதிலும் உண்டு. ஆனால் அதன் பத்தாவது பிரிவு, பிரயாண ஏற்பாடுகளைச் செய்யும்போது வேல்ஸ் மொழி வழிக் கல்வியை எட்டும் வாய்ப்பை உள்ளூர் நிர்வாகங்களும் மந்திரிகளும் வளர்க்கவேண்டும் என்று கடமை விதிக்கிறது. 'வளர்க்கவேண்டும்' என்பது 'வழங்கவேண்டும்' ஆகாது. அதற்குள் எவ்வளவு அடங்கும் என்று அங்கேயும் கவுன்சில்களுக்கும் பெற்றோருக்கும் வாதம் நடந்தபடிதான் இருக்கிறது. ஆனாலும் பஸ்ஸும் தாய்மொழியும் ஒரே வாக்கியத்தில் அமைந்த சட்டம் ஒன்றை அங்கேதான் நான் படித்தேன்.

அன்று இரவு அதைத் தமிழில் பெயர்த்து என் மகளிடம் காட்டினேன். "அப்படியானால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், அப்பா?" என்று கேட்டாள்.